நாலு றிம் போட்ட புளியாணம்

கலியாணம் முடித்து மனைவி வீட்டில் போய்க் குடியிருக்கும் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் அநேகமாக எல்லா ஆண்களுக்கும் அது வரும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். வீடு, வீட்டைச் சுற்றிய வளவு, கிணறு, கிணற்றடி வாழை எல்லாம் பெண்ணின் பெயரில் இருக்கும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய் இறங்குவான். இறங்கிக் கொஞ்சக் காலம் போனதும், அந்த வீட்டில் தன் கையால் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று கை அரிக்கத் தொடங்கும். சிலர் கோழிக்கூடு கட்டுவார்கள். சிலர் நன்றாக இருந்த தண்ணீர்க் குழாயைக் கழற்றித் திரும்பப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழாய் ஆயுள் முழுக்க ஒழுகும். எனக்கு அந்த வியாதி நாலு அலுமினியச் சில்லின், அதாவது கார்ச் சக்கரத்தின், உருவத்தில் வந்தது.

கல்லடியில் என் மாமியின் வீட்டில் எனக்கு முன்பே அப்படி வந்து இறங்கியவர் ஒருவர் இருந்தார். அவர் என் மாமா, அதாவது மாமியின் கணவர். கல்குடாவிலிருந்து வந்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வளவுக்குள் மாமாவுக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பொருள்தான். என் மனைவி சுகந்தியை விடச் சற்று வயது கூடிய ஒரு வெள்ளைக் கார். மாமா அதிகம் பேசமாட்டார். வீட்டில் சத்தம் கூடினால் போய்க் காருக்குள் ஏறி இருந்து கண்ணாடியை ஏற்றிவிடுவார். கார் எங்கேயும் போகாது, மாமாவும் ஒன்றும் சொல்லமாட்டார். சத்தம் ஓய்ந்ததும் கண்ணாடி தானாக இறங்கும்.

இப்படி இருக்கையில் சுகந்தியின் தங்கை வினோவுக்குக் கலியாணம் முற்றானது. மாப்பிள்ளை நேசன் களுவாஞ்சிக்குடி ஆள். பெண் வீட்டார் போய் மாப்பிள்ளையைக் காரில் அழைத்து வர வேண்டும். வாடகைக்கு நல்ல கார் ஒன்று பிடிப்போம் என்று மாமி சொன்னார். வினோ ஒரே பிடியாக நின்றாள்.

"அப்பாட கார்லதான் மாப்பிள்ளை வரணும். இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேணா."

"அந்தச் சில்லப் பாத்தியா? துருப்பிடிச்சுப் போய்க் கிடக்கு. களுவாஞ்சிக்குடிச் சனம் சிரிக்கும்" என்றார் மாமி.

மாமா எழுந்து காரை நோக்கி நடந்தார். அவருடைய முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தோடு என் வியாதியும் சேர்ந்துகொண்டது.

"மாமா, கார என்னட்ட விடுங்க. அலுமினியச் சில்லு நாலு எடுத்து, மினுக்கிப் போட்டுத் தாறன். கண்ணாடி மாதிரி இரிக்கும்" என்றேன்.

மாமா காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன். வட்டத்தின் பரப்பளவு, சுற்றளவு எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வட்டத்தைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் மட்டும் இல்லை.

"இந்த வேல தெரியுமா தம்பி?"

"வீடியோ பாத்திரிக்கன் மாமா."

(உலகத்தில் எத்தனையோ நாசங்களுக்கு இந்த வசனம்தான் ஆரம்பம்.)

மாமா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகியும் அந்தச் சாவியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

காத்தான்குடியில் பழைய வாகனச் சாமான் விற்கும் கடை ஒன்றில் நாலு அலுமினிய றிம் எடுத்தேன். டயர் போடாத வெறும் சில்லைத்தான் நாங்கள் றிம் என்போம். கடற்கரை ஓரமாக ஓடிய வாகனத்தில் கழற்றியவையாம். வெள்ளை பூத்து, மேலே பூசியிருந்த வார்னிஷ் செதில் செதிலாகக் கிளம்பி, பார்க்கவே பரிதாபமாகக் கிடந்தன.

"நானா, இது பழையபடி மினுங்குமா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். காத்தான்குடியில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏன் மினுங்கா? வாட்டர் பேப்பர் போட்டு, தண்ணி ஊத்தி ஊத்திப் பொறுமையாத் தேய்க்கணும். பொறுமை இரிக்கா தம்பி?"

"தாராளமா இரிக்கி நானா."

(அந்தக் கடையில் அன்று சொல்லப்பட்ட பொய்களில் இதுதான் ஆகப் பெரியதாக இருந்திருக்கும்.)

அறிவுள்ளவன் முதலில் அலுமினியத்தை மினுக்கி முடிப்பான். பிறகுதான் காரில் கை வைப்பான். நான் முதலில் காரைக் கழற்றினேன். டயர்களை உருவி ஒரு பக்கம் அடுக்கினேன். பழைய இரும்பு றிம் நாலையும் காத்தான்குடிக் கடைக்கே கொடுத்துவிட்டேன். திரும்பிப் போக வழியில்லாமல் செய்தால்தான் வேலை நடக்கும் என்பது என்னுடைய தத்துவம். கார் நாலு தென்னங்குற்றியில் ஏறி நின்றது. அன்று மத்தியானமே அதற்குக் கீழே கோழிகள் குடிவந்துவிட்டன.

மாமிக்கு ஒரு பழக்கம். என் மேல் கோபம் வந்தால் என்னோடு நேரே பேசமாட்டார். நான் பக்கத்தில் நின்றாலும் சுகந்தி மூலமாகத்தான் தூது வரும்.

"சுகந்தி, உன்ட புருசன்ட்டக் கேளு, கார் இனிக் கோழிக்குத்தானா எண்டு."

"கலியாணத்துக்கு முதல் எல்லாம் சரியாகும் எண்டு சொல்லு" என்றேன் நானும் சுகந்தியிடம். நடுவில் நின்ற சுகந்தி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தேத்தண்ணி போடப் போய்விட்டாள்.

பாடசாலை விட்டு வந்ததும் கிணற்றடியில் போய் உட்காருவேன். பெயின்ற் கழற்றும் மருந்தைப் பூசிப் பழைய வார்னிஷைச் சுரண்டினேன். பிறகு வாட்டர் பேப்பர் என்ற தேய்க்கும் தாள். முதலில் சொரசொரப்பானது, பிறகு அதைவிட மெல்லியது, பிறகு அதையும்விட மெல்லியது. கடைசித் தாளைக் கையில் பிடித்தால் தாள் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. கறுப்புக் கறுப்பாகத் தண்ணீர் ஓடும். ஒரு றிம்மில் எத்தனை மூலை முடுக்கு இருக்கிறது என்பது தேய்க்கிறவனுக்குத்தான் தெரியும். வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகள் கணக்கைப் பார்க்கவில்லை, என் நகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு துளைக்கும் மெசினை இரவல் வாங்கி, அதில் துணிச் சில்லு பூட்டி, பொலிஷ் வைத்து ஓட்டினேன்.

ஒரு கிழமை, அதாவது முழுதாக ஏழு நாள், போனது. ஒரு றிம் முடிந்தது.

தற்பெருமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, அது மினுங்கிய மினுக்கத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர்கள் உள்ளே வந்து, அதில் தங்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமிகூட "பரவாயில்லயே" என்று சுகந்தியிடம் சொன்னார். அந்தக் கிழமை வீட்டில் இருந்த ஒரே நிலைக்கண்ணாடியை வினோ பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டை போட்டுப் பார்ப்பதும் சேலை வைத்துப் பார்ப்பதுமாக அவள் அதை விட்டு அசையவில்லை. தலை வார இடமில்லாமல் அலைந்த மாமா காலையில் சீப்போடு கிணற்றடிக்கு வந்தார். றிம்முக்கு முன்னால் குந்தி இருந்தார். றிம்மில் முகம் கொஞ்சம் அகலமாகத் தெரியும்.

"பரவாயில்ல, சதை பிடிச்ச மாதிரி இரிக்கி" என்று சொல்லி, ஆறுதலாகத் தலை வாரினார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மாமா அங்கேதான் தலை வாரினார். வாரி முடித்து, சீப்பைப் பையில் வைத்து, என்னைப் பார்த்து ஒரு சின்னத் தலையாட்டு. அந்தத் தலையாட்டுக்காக நான் இன்னும் நாற்பது றிம் தேய்த்திருப்பேன். ஆனால் மிச்சம் இருந்த மூன்றுக்கே நேரம் காணாமல் இருந்தது. கலியாணம் நெருங்கிவிட்டது.

அவசரத்தில் மறுபடியும் வீடியோ பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் பெரிய பீப்பா ஒன்றுக்குள் வெள்ளையாக ஏதோ கரைத்து வைத்திருந்தார். அழுக்கு றிம்மை அதற்குள் இறக்கினார். அடுத்த காட்சியில் வெளியே எடுத்தார், பளிச்சென்று இருந்தது. அது என்ன மருந்து என்று அவர் சொல்லத்தான் சொன்னார். நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்தேன். வெள்ளை, கரைசல், பீப்பா. இதற்கு மேல் என்ன விபரம் வேண்டும்?

கலியாண வீட்டு மதிலுக்கு அடிப்பதற்காகச் சுண்ணாம்பு கரைத்து, வேலிக்கரையில் ஒரு பெரிய பீப்பா நிறைய வைத்திருந்தார்கள். வெள்ளைதான். கரைசல்தான். பீப்பாவேதான்.

மூன்று றிம்மையும் அதற்குள் இறக்கினேன். அதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கதையை நான் கொஞ்சம் மரியாதையோடு சொல்லியிருப்பேன். ஆனால் கணித மூளை சும்மா இருக்குமா? மூன்று ஒரு நிறமாகவும் ஒன்று வேறு நிறமாகவும் வந்தால் எப்படி? நாலும் சமனாக இருக்க வேண்டாமா? மாமா தலை வாரிய அந்த றிம்மையும் தூக்கி உள்ளே போட்டேன்.

குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"என்ன இது, கொதிக்கிது?" என்றாள் சுகந்தி.

"ஊத்தை கழருது" என்றேன், எல்லாம் தெரிந்தவனைப் போல.

விடிந்ததும் போய் எடுத்தேன். ஊத்தை மட்டும் கழலவில்லை, அலுமினியத்தின் மேல்தோலும் சேர்ந்து கழன்றிருந்தது. நாலு றிம்மும் கன காலம் அடுப்பில் கிடந்த சட்டியின் நிறத்தில் கறுத்துப் போயிருந்தன. தொட்டால் கையில் சொரசொரத்தது. நாலும் சமன் என்பதில் மட்டும் குறையில்லை. ஒரு கிழமை என் உயிரைக் கொடுத்துத் தேய்த்த றிம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மாமா சீப்போடு வந்தார்.

வந்தவர் நின்றார். நாலு றிம்மையும் பார்த்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சீப்பைத் திரும்பப் பையில் வைத்தார். போய், தென்னங்குற்றியில் நின்ற காருக்குள் சிரமப்பட்டு ஏறி, கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றினார். கீழே கிடந்த கோழிகள் பயந்து ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்பு பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

வினோ ஓடி வந்தாள். "அத்தான், அப்பாட கார் போகாதா?"

அவள் கேட்டது சில்லைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுடைய அப்பாவுக்கென்று ஒன்று இருந்தது, அதையும் நான் குற்றியில் ஏற்றி வைத்திருந்தேன்.

மாமி மட்டும் றிம்மைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, வழக்கம் போலச் சுகந்தியிடம் பேசினார்.

"என்ட அலுமினியச் சட்டி கறுத்தாலும் இப்பிடித்தான் இரிக்கும். நான் புளி கரைச்சு விட்டு அவிச்சு எடுப்பன், வெளுத்திரும். இந்தச் சனியன எதுக்குள்ள போட்டு அவிக்கிற?"

இதைச் சொல்லி மாமி வாய் மூடவில்லை, வாசலில் உழவு மெசின் ஒன்று வந்து நின்றது. கலியாணச் சமையலுக்காகக் கோயிலில் இரவல் கேட்டிருந்த கிடாரத்தை இறக்கினார்கள். ஊருக்கே சோறாக்கக்கூடிய பெரிய பித்தளைக் கிடாரம். அகன்ற வாய். நானும் சுகந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அம்மா இண்டைக்குக் கலியாணம் சொல்லப் போறா. வரப் பின்னேரமாகும்" என்றாள் சுகந்தி, வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. பிறகு குசினிக்குள் போய், கலியாணச் சமையலுக்கு வாங்கி வைத்திருந்த புளி முழுவதையும் எடுத்து வந்து கரைக்கத் தொடங்கினாள். என்னைக் கட்டியவளுக்கும் என் அளவு புத்திதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. மிகவும் ஆறுதலாக இருந்தது.

மாமி வாசல் படலையைத் தாண்டியதும் அடுப்பை மூட்டினோம். கிடாரத்தில் தண்ணீர், புளி, அதற்குள் நாலு றிம். கொதிக்கக் கொதிக்கப் புளி வாசம் வளவெல்லாம் பரந்தது. கறுப்பு கரைந்து தண்ணீரில் இறங்குவது தெரிந்தது. சுகந்தி கை தட்டினாள். நான் விறகு எடுக்கக் கிணற்றடிப் பக்கம் போனேன், அவள் இன்னொரு வாளி தண்ணீர் அள்ள வந்தாள். கிடாரம் தனியே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில்தான் கனகண்ணன் வந்தார். கனகண்ணன் கலியாணச் சமையலுக்குப் பொறுப்பான ஆள். அடுப்புப் போடும் இடம் பார்க்க வந்தவர் பின்படலையால் நுழைந்திருக்கிறார். கொதிக்கும் பாத்திரத்தைக் கண்டால் அகப்பையை விட்டு நக்கிப் பார்க்காமல் அவரால் கடந்து போக முடியாது. அது அவருடைய தொழில் பழக்கம். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது அவர் அகப்பையில் அள்ளி, ஊதி, உள்ளங்கையில் விட்டு, உறிஞ்சியும் விட்டார்.

புளியாணம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சோற்றுக்கு விட்டுக்கொள்ளும் புளிக்குழம்பு அது. கனகண்ணன் வைக்கும் புளியாணத்துக்கு ஊரில் தனி மதிப்பு.

"சுகந்தி! ஆரு புள்ள இண்டைக்கே புளியாணம் வச்ச?" கண்ணை மூடி நாக்கைச் சப்பினார். "நல்லா இரிக்கி. உப்புத்தான் காணா."

உப்புப் போதாதாம்! சுகந்தியின் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் போனது. கனகண்ணன் அகப்பையை உள்ளே விட்டு ஒரு கிளறு கிளறினார். "டங்" என்றது. மறுபடி கிளறினார். மறுபடியும் "டங்."

அவருடைய முகம் மாறியது. "என்ன இது, எலும்பு மாதிரிக் கிடக்கு? கோயில் கிடாரத்துக்குள்ள எலும்பா?"

"எலும்பு இல்ல கனகண்ணன்…" என்று ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் அவர் இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்து நெம்பித் தூக்கிவிட்டார். ஒரு றிம் மெல்ல மேலே வந்தது. அதன் ஓட்டைகளால் புளித்தண்ணீர் ஒழுகியது. கனகண்ணன் அதைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கார்ட சில்லு" என்றார் மெதுவாக.

"ஓம்."

"நான் குடிச்சது?"

"அது… சில்லுத் தண்ணி."

கனகண்ணன் கிணற்றடிக்கு ஓடிய வேகத்தை அந்த உடம்பில் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். அவர் வாய் கொப்பளித்த சத்தம் கேட்டுத்தான் அயல் முழுக்கக் கூடியது. கலியாணம் சொல்லப் போன மாமி பாதி வழியிலேயே செய்தி கேட்டுத் திரும்பி வந்தார். வந்து, சுகந்தியைத் தேடவில்லை. நேரே என் முன்னால் நின்றார்.

"தம்பி, உங்களுக்கு விசரா?"

மூன்று வருடத்தில் கோபத்தில் மாமி என்னோடு நேரே பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

கோயில் வண்ணக்கருக்கு ஆள் போனது. கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பானவரைத்தான் நாங்கள் வண்ணக்கர் என்போம். அவர் வரும்போது கிடாரத்தைச் சரித்து ஊற்றியிருந்தோம். அப்போதுதான் எனக்கே முழு விளைவும் தெரிந்தது. றிம்களின் கறுப்புப் போய்விட்டது, அது உண்மை. ஆனால் அதற்குப் பதிலாகச் செம்பு நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. பித்தளைக் கிடாரம் புளியில் கரைந்து தன் நிறத்தில் கொஞ்சம் அலுமினியத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தது. தேமல் பிடித்த சில்லுகள். கிடாரமோ, உள்பக்கம் முழுக்கத் தகதகவென்று மினுங்கியது. நான் சில்லில் எதிர்பார்த்த மினுக்கம் முழுவதும் கிடாரத்துக்குப் போய்விட்டது.

வண்ணக்கர் குனிந்து கிடாரத்துக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். திரும்பவும் குனிந்து பார்த்தார்.

"இத ஆர் மினுக்கின?"

எல்லாக் கைகளும் என் பக்கம் நீண்டன.

"நான் சின்னவனா இரிக்கக்குள்ளயும் இந்தக் கிடாரம் இப்பிடி இரிக்கல்ல" என்றார் வண்ணக்கர். பிறகு தன் பதவி ஞாபகம் வந்து முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். "கழுவி மஞ்சத்தண்ணி தெளிச்சு அனுப்புங்க. சமையலுக்கு வேற கிடாரம் தாறன். செய்த வேலைக்குத் தண்டம், வாற சடங்குக்குக் கோயில்ல உள்ள கிடாரம், குத்துவிளக்கு எல்லாத்தையும் இந்த மருமகன்தான் மினுக்கித் தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். வினோ மட்டும் சிரிக்கவில்லை. தேமல் பிடித்த சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமி பெருமூச்சு விட்டு, வாடகைக் காருக்குச் சொல்லச் சொன்னார். அப்போது தென்னங்குற்றியில் நின்ற காரின் கண்ணாடி இறங்கியது.

"டயரப் பூட்டிக் கொண்டு வாங்க" என்றார் மாமா உள்ளேயிருந்து.

"மாமா, நிறம்…"

"நிறமா ஓடுற? சில்லுத்தானே ஓடுற. என்ட மகள்ட மாப்பிள்ளைய என்ட கார்தான் கூட்டி வரும்."

வாடகைக் கார் வேண்டாம் என்று மாமி சுகந்தியிடம் சொன்னார்.

கலியாணத்தன்று மாமாவும் நானும் களுவாஞ்சிக்குடிக்குப் போனோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, நிமிர்ந்து இருந்து காரை ஓட்டினார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் முதலில் எங்களைப் பார்த்தார்கள், பிறகு சில்லைப் பார்த்தார்கள், பிறகு மரியாதைக்காக வேறு பக்கம் பார்த்தார்கள். நேசன் தலைப்பாவோடு வந்து பின்னால் ஏறினான். விறைத்துப் போய் இருந்தான். புது மாப்பிள்ளையிடம் என்ன கதைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. மூன்று ஆண்கள், மூச்சுச் சத்தம் மட்டும்.

காத்தான்குடிக்குள் வந்ததும் வாகன நெரிசல். நடுவீதிப் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தால் கார் நகர்வதும் நிற்பதுமாக ஊர்ந்தது. மாமா நிமிடத்துக்கு நாலு தடவை பிரேக் பிடித்தார். பிரேக் சூடேறச் சில்லும் சூடேறியது. றிம்மின் இடுக்குகளில் நான் சரியாகக் கழுவாமல் விட்ட புளி அங்கே இருந்திருக்கிறது. மெல்ல ஒரு வாசம் கிளம்பிக் காருக்குள் வந்தது.

நேசன் விரதம். காலையிலிருந்து வெறும் வயிறு. மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பினான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. அந்தப் பயணத்தில் அவன் பேசிய முதல் வசனம் இதுதான்.

"மாமா… எங்கயோ புளியாணம் கொதிக்கிற மணம் வருது."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மாமாவின் தோள் ஒரு தடவை குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். இன்னொரு தடவை குலுங்கியது. பிறகு மாமா காரை ஓரம் கட்டி நிறுத்தி, ஸ்ரேரிங்கில் நெற்றியை வைத்துச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, பின்னால் திரும்பி நேசனைப் பார்த்தார்.

"மணம் நல்லா இரிக்கா?"

"நல்லா இரிக்கி மாமா."

"உப்புத்தான் காணா" என்றார் மாமா. அப்படிச் சொல்லிவிட்டு முழுக் கதையையும் சொன்னார். சுண்ணாம்பு, புளி, கனகண்ணன், "டங்" எல்லாம். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நேசன் சிரித்த சிரிப்பில் தலைப்பா கழன்று மடியில் விழுந்தது. அப்படியே இறங்கிப் போய், பட்டு வேட்டியோடு குனிந்து ஒரு சில்லைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணன், இது மேலதான் ஒட்டியிரிக்கி. மறுகாத் தேய்ச்சா வரும்."

"வருமா?"

"மூண்டு பேர் தேய்ச்சா சுறுக்கா வரும்" என்றான்.

முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கும்போதே வந்து சேர்ந்துவிட்டோம். படலையில் அப்பாவின் கார் நுழைவதை வினோ யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவள் அழுததில் பூசிய பவுடர் எல்லாம் போய், திரும்பவும் பூச வேண்டி வந்தது என்று சுகந்தி பிறகு சொன்னாள். ஆரத்தித் தட்டோடு நின்ற மாமி, "என்ன, சிரிச்சுக்கொண்டு வாறீங்க?" என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோமே தவிர, பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் பெண்களுக்குத் தெரியாத விசயம் ஒன்று ஆண்களிடம் இருந்தது அன்றைக்குத்தான்.

அது அதிக நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. பந்தியில் கனகண்ணன் புளியாணம் பரிமாற வந்தபோது, நேசன் ஒரு வாய் ருசித்துவிட்டு, "உப்புத்தான் காணா" என்றான். கனகண்ணன் வாளியை அங்கேயே வைத்துவிட்டு என்னைத் தேடினார். பந்தியே எழுந்து நின்று சிரித்தது.

இப்போது எங்கள் வீட்டில் எதைப் பாராட்டுவதென்றாலும் அந்த வசனம்தான். சேலை எடுத்தாலும், சோதனையில் பிள்ளை நல்ல புள்ளி எடுத்தாலும், "எல்லாம் நல்லா இரிக்கி, உப்புத்தான் காணா." என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்த மாமா, குழந்தையை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார். தாதி அம்மா என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார். கோயில் சடங்குக்கு வருடா வருடம் கிடாரம் மினுக்குவதும் நான்தான். தண்டம் என்றுதான் தொடங்கியது. இப்போது வேறு யாராவது கிடாரத்தைத் தொட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

சில்லுகளும் திரும்பி வந்தன. நேசன் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேருமாகக் கிணற்றடியில் இருந்து, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தோம். அவசரம் இல்லை. வெள்ளைக்காரர் வீடியோவும் இல்லை. கல்லடிக் கடற்காற்றுக்கு மினுக்கிய அலுமினியம் சும்மா இருக்காது. கொஞ்ச நாளில் மங்கிப் பூத்துவிடும். அதனால் இந்த வேலை முடிவதே இல்லை. முடியாமல் இருப்பதில் எங்கள் மூன்று பேருக்கும் பரம சந்தோசம். பெண்களுக்குச் சொந்தமான அந்த வளவில் அந்தக் கிணற்றடி ஞாயிறு மட்டும் எங்களுடையது.

போன ஞாயிறு ஒரு சில்லை முடித்துக் கழுவி நிமிர்த்தினோம். மாமாவுக்கு இப்போது குந்தி இருக்க முழங்கால் விடாது. நேசன் ஒரு கட்டையைக் கொண்டு வந்து போட்டான். மாமா அதில் அமர்ந்து, சீப்பை எடுத்து, சில்லில் முகத்தைப் பார்த்து, மிச்சம் இருக்கும் தலைமயிரை ஆறுதலாக வாரினார். அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், இந்தப் பக்கம் ஒரு தரம். நானும் நேசனும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

"எல்லாம் நல்லா இரிக்கி" என்றார் மாமா.

மிச்சத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். அவர் சிரித்துக்கொண்டு சீப்பைப் பையில் வைத்தார். குசினி யன்னல் திறந்தது. சுகந்தியைத் தூது அனுப்பாமல் மாமியே தலையை நீட்டி, எங்களைப் பார்த்து நேரே சத்தமாகச் சொன்னார்.

"உப்புத்தான் காணா!"